விடுபட்ட ‘நா’

1

இந்தக் கதை ஒரு கேக்கில் தொடங்கியது என்று சொல்லத்தான் ஆசை. உண்மையில் ஒரு தவறில் தொடங்கியது. அந்தத் தவறைச் செய்தது நான் இல்லை என்று காட்டுவதற்காகவே எழுத உட்கார்ந்தேன். முதல் வரைவின் முதல் வரி இது:

“கென்யாவின் மாலிந்தி நகரில் கரிசா என்றொரு நிருபன் இருந்தான். எண்கள் என்றாலே அவனுக்கு —”

அடித்துவிட்டேன். கரிசா என்று யாரும் இல்லை. அந்த நிருபர் நான்தான்.

2

கட்ஸோவை நான் படைக்கவில்லை. என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். கல்லூரியில் மின்னணுவியல் கற்பிக்கிறாள். அவளும் மூன்று மாணவிகளும் சேர்ந்து உள்ளங்கை அளவில் ஒரு செயற்கைக்கோள் செய்தார்கள். கடலோரத்து அலையாத்திக் காடுகளை மேலிருந்து படமெடுக்கும் பெட்டி. வெளிநாட்டு ராக்கெட் ஒன்றில் அதற்கு ஓர் இடமும் கிடைத்திருந்தது.

கல்லூரி மண்டபத்தில் செலவைக் கேட்டேன். கட்ஸோ ஸ்வாஹிலியில், “மிலியோனி நா மியா ம்பிலி எல்ஃபு” என்றாள். ஒரு மில்லியனும் இருநூறு ஆயிரமும்: பன்னிரண்டு லட்சம் ஷில்லிங்.

ஸ்வாஹிலியில் ‘நா’ என்றால் நம் ‘உம்’. அது என் காதில் விழவில்லை. கடைசிச் சொல்லைக் கைதட்டல் மூடிவிட்டது. மிச்சம் இருந்தது “மிலியோனி மியா ம்பிலி”. இருநூறு மில்லியன். இருபது கோடி.

“இருபது கோடியை விழுங்கிய கையளவுப் பெட்டி” என்று நானே தலைப்பும் வைத்தேன்.

(அடிக்குறிப்பாகப் போட நினைத்தது: ஊரில் ஒருவர்கூட அந்த எண்ணைச் சந்தேகிக்கவில்லை. தக்காளி பத்து ஷில்லிங் ஏறினால் சண்டை போடுகிறவர்கள். வானம் என்று வந்துவிட்டால் சுழியங்கள் யாரையும் உறுத்துவதில்லை. என்னையும் உறுத்தவில்லை.)

இவ்வளவு பணம் எங்கே போனது என்ற கேள்வி எழுந்ததும் கல்லூரி, பெட்டியை ஓர் அறையில் வைத்துப் பூட்டிவிட்டது. அந்த எண் தவறு என்று பத்திரிகையே முதல் பக்கத்தில் எழுதினால்தான் திறப்பார்களாம். வெள்ளிக்கிழமைக்குள் பெட்டி கிளம்பாவிட்டால் ராக்கெட்டில் இடம் போய்விடும்.

எங்கள் ஆசிரியர் பக்காரி நேராகவே சொன்னார். “ஏழாம் பக்கத்துல ரெண்டு வரி, பேர் இல்லாம போட்டுடலாம். முதல் பக்கம்தான் வேணும்னா உன் பேரோட வரும். தப்பு பத்திரிகையோடது இல்ல, உன்னோடது.”

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். வீட்டுக்கு வந்து கேக் செய்யத் தொடங்கினேன்.

3

இந்தப் பகுதியைச் சுருக்கச் சொல்கிறது மனசாட்சி. நீட்டச் சொல்கிறது கை.

செய்முறை சொன்னவள் எதிர்வீட்டு சிடி. மார்க்கெட்டில் தேங்காய்ப்பால் ஊற்றிய மண்டாஸிப் பலகாரம் சுட்டு விற்பவள்.

“முட்டை நாலு. சக்கரை ஒரு கப்பு. மாவு, கிகோம்பே நா நுசு.” ஒன்றரைக் கோப்பை என்று பொருள். “நல்லா கேட்டுக்கிட்டியா, பத்திரிகைக்காரி? நடுவுல ‘நா’ இருக்கு. அதை முழுங்கிட்டு அரைக் கப்பு போட்டுடாத.”

“போதும் சிடி.”

“என்ன போதும்? கேக்கு எவ்ளோன்னு யாராச்சும் கேட்டா என்கிட்ட அனுப்பு. நீ சொன்னா ரெண்டு கோடி ஆயிடும்.”

பெரிய சுஃபுரியாப் பாத்திரத்தின் அடியில் மணல் பரப்பி, அதற்குள் மாவு ஊற்றிய சின்ன சுஃபுரியாவை வைத்தேன். கீழே கரியடுப்பு, மூடியின் மேல் நாலு கங்கு. நாற்பது நிமிடம் திறக்கக்கூடாது. வெண்ணிலா மணம் வரத் தொடங்கியதும் நான் நல்லவள் என்ற எண்ணமும் கூடவே வந்தது. அந்த நாற்பது நிமிடமும் என்னிடம் யாரும் எதையும் கேட்க முடியாது, கேக் வேகிறது என்று —

இந்த வாக்கியத்தை முடிக்க வேண்டாம். அழகாகப் போகிறது. அதுதான் பயம்.

4

“என்னக்கா இது?” கட்ஸோ கதவைப் பாதிதான் திறந்தாள்.

“கேக்கு.”

“அது தெரியுது. எதுக்கு?”

(இங்கே நான் அழுததாக ஒரு வரைவில் இருக்கிறது. அழவில்லை. “சும்மாதான்” என்றேன்.)

விரலால் நடுவில் அழுத்திப் பார்த்தாள். “வேகல. மேல கங்கு பத்தல.”

“அடுத்த தடவை சரியா செய்றேன்.”

“உங்களுக்கு அடுத்த தடவை இருக்குக்கா. எனக்கு வெள்ளிக்கிழமைதான் இருக்கு.” சிரித்தபடிதான் சொன்னாள். “மீன் வாங்கப் போனா, ‘கோடீஸ்வரி வந்துட்டா, வெலைய ஏத்துடா’ங்கறானுங்க. அதைக்கூட விட்டுடுவேன். பொண்ணுங்க மூணு பேரும் தெனம் அந்தப் பூட்டுன ரூம் வாசல்ல போய் உக்காந்திருக்காளுங்க. எனக்குக் கேக்கு வேணாம்க்கா. நாலு வரி வேணும். முதல் பக்கத்துல, உங்க பேரோட.”

“இதை எடுத்துட்டுப் போயிடவா?”

“வச்சுட்டுப் போங்க. அதுங்களுக்குப் பசிக்கும்.”

5

முடிவுகள் இரண்டு எழுதி வைத்திருந்தேன்.

அ) கட்ஸோ ஒரு துண்டு தின்கிறாள். வேகாத நடுப்பகுதியைப் பார்த்து இருவரும் சிரிக்கிறோம். விளக்கை அணைக்கலாம்.

ஆ) அவள் என்னோடு பேசுவதே இல்லை. நான் காலமெல்லாம் வருந்துகிறேன். ஆழமான முடிவு, வாசகர்களுக்குப் பிடிக்கும்.

இரண்டிலும் எனக்கு ஏதோ கிடைக்கிறது. பெட்டி மட்டும் இரண்டிலும் பூட்டிய அறையிலேயே இருக்கிறது.

6

இன்று புதன். நாளைய இதழ் நான்கு மணிக்கு அச்சுக்குப் போகிறது. மூன்று அடிக்க ஐந்து நிமிடம் இருக்கிறது. காலையிலிருந்து இந்தக் கதையை எழுதிக்கொண்டிருக்கிறேன். கேக்கைவிடப் பெரிதாக, கேக்கைவிட நன்றாக வெந்த இன்னொரு கேக்கை. கட்ஸோவுக்குத் தமிழ் தெரியாது; அவள் பேசியதை நான்தான் தமிழாக்கினேன். கல்லூரியிலும் ஒருவருக்கும் தெரியாது. எவ்வளவு பத்திரமான இடத்தில் என் தவறை ஒப்புக்கொண்டிருக்கிறேன் பாருங்கள்!

முதல் பக்கத்தில் என் பெயர் வந்ததா என்பதைப் பிறகும் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் நீங்கள் என்னை மன்னித்துவிடுவீர்கள். உங்கள் பெயரைப் போட்டு நான் எதுவும் தவறாக எழுதவில்லை. உங்களுக்கு அது சுலபம்.

அலுவலகம் நடந்து போகிற தூரம்தான். செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் இந்தப் பக்கத்தை மூடினால்தான் நான் எழுந்திருப்பேன் போலிருக்கிறது.

மூடுங்கள்.