தலைப்பிரசவத்துக்கு வந்த நாத்தனார்

என் கணவர் விடுகிற சிகரெட் புகை எனக்கு நாத்தனார் முறை. அவர் நெஞ்சுக்குள் மூச்சோடு கூடப் பிறந்து வந்தவளுக்கு வேறு என்ன முறை சொல்வது? பால்கனியில் பிறப்பாள், கதவிடுக்கு வழியாக உள்ளே வருவாள், நேராக என் மகள் சம்யுக்தாவின் கட்டிலுக்குப் போய்விடுவாள். அண்ணன் மகள் மேல் அப்படி ஒரு பாசம்.

பிள்ளையின் நெஞ்சின்மேல் ஏறி உட்கார்ந்துதான் கொஞ்சுவாள். நாலு வயசுக் குழந்தை எவ்வளவு கனம் தாங்கும்? மூச்சு விசிலடிக்கும், காதில் சீழ் வைக்கும். ஆனால் பிறந்த வீட்டில் இருக்கிறவளை மருமகள் வெளியே போகச் சொன்னால் அக்கம்பக்கம் என்னைத்தானே பேசும்.

டாக்டர் சம்யுக்தாவின் முதுகில் ஸ்டெத்தை வைத்துக் கேட்டார்.

"வீட்ல அத்தை இருக்காங்களா?"

"இருக்காங்க டாக்டர்."

"பாப்பாவுக்கு மூச்சு விட இடமில்ல. சீக்கிரம் கட்டிக் குடுத்து அனுப்புங்க."

அரிசி ஆலைப் புகைபோக்கி நல்ல வரன். நல்ல உயரம், ஒரே பிள்ளை. கல்யாணம் குறையில்லாமல் முடிந்தது. தங்கையை அனுப்பிவிட்டு என் கணவர் சற்குணம் தேம்பித் தேம்பி அழுதார். மனசு ஆறட்டும் என்று பால்கனியில் ஒன்று பற்றவைத்தார். அடுத்த நாத்தனார் பிறந்தாள். சம்யுக்தாவுக்கு மறுபடியும் இழுப்பு.

"எத்தனை பேருக்குத்தான் மாப்பிள்ளை தேடறது? ஊர்ல அவ்வளவு புகைபோக்கி இல்லீங்க" என்றேன்.

பிள்ளை மூச்சுக்குத் தவிப்பதை அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பாக்கெட்டைக் கசக்கிக் குப்பையில் போட்டார். இளையவளைச் செங்கல் சூளைக்குக் கட்டிக் கொடுத்தோம். திரைச்சீலை, மெத்தையுறை எல்லாம் துவைத்துப் போட்டேன். ஒருநாள் சம்யுக்தா ஒரு பாட்டை இருமாமல் கடைசிவரை பாடினாள். நான் அடுப்படியில் நின்று அழுதேன்.

அப்புறம் மூத்தவள் தலைப்பிரசவத்துக்கு வந்து நின்றாள். ஏழாம் மாசம், முறைதானே. பெட்டியோடு அனுப்பியிருந்தார்கள். வயிறு வாசலை அடைத்தது. உள்ளே சம்யுக்தா இரும ஆரம்பித்தாள்.

என் கணவர் ஓடிவந்து மறித்துக்கொண்டார்.

"பாப்பா இருக்கற இடத்துக்கு வேண்டாம்மா. நீ பொறந்த வீடு இங்க இருக்கு" என்று வாயைத் திறந்தார்.

அவள் தலையைக் குனிந்துகொண்டு வாய்க்குள்ளே போனாள். அவர் வாயை மூடிக்கொண்டார். இருமல் அவருக்கு மாறியது.

சம்யுக்தா நிம்மதியாகத் தூங்குகிறாள். அவர் நாக்கு மாங்காய் கேட்கிறது. வெள்ளிக்கிழமை வளைகாப்பு வைத்திருக்கிறோம். அவர் கைக்குச் சேருகிற அளவில் கண்ணாடி வளையல்தான் கடையில் கிடைக்கவில்லை.