செவலையின் அந்திக் கணக்கு

வயதான கோழி, வீட்டு ஆட்களை எண்ணும்போது முதலில் மறப்பது குடும்பத் தலைவரைத்தான் என்று ஏரல் அத்தான் சொன்னதை ஞானசிகாமணி பல வருடங்களாக நம்பவில்லை. கோழி எண்ணும் என்பதில் அவருக்குச் சந்தேகம் கிடையாது. அது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். மறக்கும் என்பதில்தான் சந்தேகம். அதிலும் சொன்னவர் தேவநேசன் அத்தான். அக்காவைக் கட்டியவர், நல்ல மனிதர், ஆனால் ஆற்றில் முழங்கால் அளவு தண்ணீர் போனால் கழுத்தளவு என்று சொல்கிறவர்.

அத்தான் அந்தக் கதையை ஒருபோதும் முடித்ததில்லை. கோழி தன்னை விட்டுவிட்டு எண்ணியதையும், தான் கோழிக்கூட்டுக்குக் குடிபோனதையும் விவரமாகச் சொல்வார். "அதுக்கப்புறம் மாப்ள..." என்று ஆரம்பித்து, முற்றத்தில் காயும் மிளகாய் வற்றலைப் பார்த்துக்கொண்டு நிறுத்திவிடுவார். அக்கா எழுந்து அடுப்படிக்குப் போவாள். அந்தி சாய்ந்ததும் அத்தான், "சரி, வரட்டுமா" என்று கூட்டுப் பக்கம் நடப்பார். கோழியை அடைக்கப் போகிறார் என்று ஞானசிகாமணி நினைத்துக்கொள்வார். கிளம்பும்போது அக்கா பை நிறைய முட்டை தருவாள். அந்தக் கோழி இன்னுமா இடுகிறது என்று ஒருமுறை கேட்டதற்கு, "அது எங்க இடுது, கெழடு. நீ ஒடையாமக் கொண்டு போ" என்றாள். தூங்கப் போகும் முன் சட்டைப் பொத்தானைக்கூட இரண்டு தடவை யோசித்துக் கழற்றும் ஞானசிகாமணி, அந்த முட்டைகளை மட்டும் ஒன்றும் யோசிக்காமல் ஆம்லெட் போட்டுச் சாப்பிட்டார்.

பாளையங்கோட்டையில் அவர் வீட்டில் எண்ணுவது செவலை. பையன் ஜெபின் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது குஞ்சாக வந்தது. இப்போது அவன் பாலிடெக்னிக் முடிக்கப் போகிறான். தினமும் அந்தியில் செவலை வாசற்படிக்கு வந்து நிற்கும். மனைவி ரோஸ்லெட் படியேறி உள்ளே போனால் ஒரு கொக். மகள் பெனிட்டாவுக்கு ஒரு கொக். ஜெபினுக்கு ஒன்று. கடைசியாக வரும் ஞானசிகாமணிக்கு ஒன்று. நான்கும் சொல்லிவிட்டுச் செவலை தன் கூட்டுக்குப் போகும். அதை அடைத்துவிட்டு வீட்டுக் கதவைத் தாழிடுவார்கள். எண்ணப்பட்டவர்கள் வீட்டில் இருப்பவர்கள். ஒருமுறை கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் அந்தி நேரத்தில் படியில் ஏறிவிட, செவலை அவரையும் சேர்த்து எண்ணிவிட்டது. அவரும் கைகால் கழுவிச் சாப்பிட்டு, ஹாலில் படுத்துத் தூங்கினார். மறுநாள் காலையில் அவர் மனைவி வந்து, எங்க வீட்டுக் கோழி ஒரு ஆள் குறையுதுன்னு கூட்டுக்கே போகாம நிக்குது என்று சொல்லி அழைத்துப் போனாள்.

செவலைக்கு வயதாகிவிட்டது. கொண்டை வெளுத்து ஒருபக்கம் சாய்ந்துகிடந்தது. கால்களில் செதில் ஏறியிருந்தது. கண்ணில் பாலாடை போல ஒன்று படர்ந்திருந்தது. முட்டை வைப்பதை நிறுத்திப் பல மழைக்காலம் ஆயிற்று. ஆனாலும் எண்ணுகிற கோழியை யாரும் குழம்பு வைப்பதில்லை.

கார்த்திகை பிறந்து மழை பிடித்திருந்த ஒரு மாலை. ரோஸ்லெட், பெனிட்டா, ஜெபின் மூவரும் படியேறினார்கள். செவலை மூன்று முறை கொக் என்றது. ஞானசிகாமணி குடையை மடக்கிக்கொண்டு படியில் கால் வைத்தார். செவலை அவரை ஒரு கண்ணால் பார்த்தது. தலையைத் திருப்பி மறு கண்ணால் பார்த்தது. நம் ஊருக்குப் போகாத பஸ்ஸைப் பார்ப்பது போன்ற பார்வை. பிறகு கூட்டுக்குப் போய்விட்டது.

"மூணுதான் சொல்லிச்சு" என்றாள் ரோஸ்லெட், உள்ளேயிருந்து.

"நானும் கேட்டேன்" என்றார் ஞானசிகாமணி.

அதில் கோபத்துக்கு ஒன்றுமில்லை. ரோஸ்லெட் தட்டில் சோறும் சாளை மீன் குழம்பும் போட்டு வெளியே கொண்டுவந்து தந்தாள். வெளியாட்களிடம் பேசுகிற மரியாதையோடு, "இன்னுங் கொஞ்சம் குழம்பு விடட்டுமா? கூச்சப்படாமக் கேளுங்க" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. அவர் கூச்சப்பட்டுக்கொண்டே வாங்கிக்கொண்டார்.

தாழ்வாரத்துக் கட்டிலில் படுத்து அவர் யோசித்தார். யோசிப்பது அவருக்குத் தொழில் மாதிரி. அவருடைய உண்மையான தொழில் கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை வைப்பது. மாவட்டத்தில் எந்தத் தராசு எவ்வளவு ஏமாற்றும் என்று அவருக்குத் தெரியும். தன் எடை மட்டும் சரியாகப் பிடிபட்டதில்லை. நாலு பேரில் ஒருவரை மறக்க வேண்டுமென்றால் யாரை மறப்பது என்று அவரே யோசித்துப் பார்த்தார். ரோஸ்லெட்டை மறந்தால் அடுப்பு எரியாது. பெனிட்டாவை மறந்தால் வீட்டில் பேச்சே இருக்காது. ஜெபினை மறந்தால் மோட்டார் போட ஆளில்லை. கோழியின் இடத்தில் தான் இருந்திருந்தால் இந்த முடிவுக்கு இன்னும் சீக்கிரமே வந்திருப்போம் என்று அவருக்குப் பட்டது. ஆனாலும் கணக்கில் இல்லாமல் இருப்பது என்னவோ போலிருந்தது. எப்படியாவது மறுபடியும் நாலாவது ஆளாகிவிட வேண்டும்.

மறுநாள் புறவாசல் வழியாக வீட்டுக்குள் போய்ப் பார்த்தார். யாரும் தடுக்கவில்லை. ரோஸ்லெட் மட்டும் புடவைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டாள். நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு, யார் வீட்டுக் கல்யாணம் என்று தெரியாமல் பந்தியில் உட்கார்ந்துவிட்டது போல இருந்தது. தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுத் தானாகவே எழுந்து வந்துவிட்டார்.

கண்தான் காரணமாக இருக்க வேண்டும் என்று செவலையைப் பையில் வைத்துக் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். டாக்டர் சின்ன வயசுப் பெண். கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தாள். பிறகு செவலையை மேசையில் நிறுத்தி, "எண்ணு பார்ப்போம்" என்றாள். செவலை டாக்டரை எண்ணியது. மருந்து எடுத்துத் தருபவரை எண்ணியது. ஆட்டுக்குட்டியோடு வந்திருந்த பெரியவரை எண்ணியது. கொஞ்சம் யோசித்து ஆட்டுக்குட்டியையும் எண்ணிவிட்டுக் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டது.

"பார்வை குறைஞ்சிருக்கு. ஆனா எண்ணிக்கையில தப்பில்லையே" என்றாள் டாக்டர். ஞானசிகாமணி கையை லேசாக உயர்த்திக் காட்டினார். "ஓ, நீங்க இருக்கீங்களா" என்றாள். வயசான கோழிக்கு ராத்தூக்கம் முக்கியம், ஏறி இறங்க வைக்காதீங்க, கூட்டைச் சரி பண்ணிக் கொடுங்க, கிளிஞ்சலைப் பொடிச்சுத் தீனியில போடுங்க, தெளிவா இருந்தா ஞாபகமும் வரலாம் என்று சொல்லி அனுப்பினாள்.

அவர் லீவு போட்டுவிட்டு வேலையில் இறங்கினார். கூட்டின் தகரத்தில் ஓட்டை விழுந்து, தண்ணீர் செவலை நிற்கும் கம்பின் மேல்தான் சொட்டிக்கொண்டிருந்தது. இத்தனை நாள் அது ஈரத்தில் தூங்கி எழுந்துதான் நம்மையெல்லாம் எண்ணியிருக்கிறது என்று நினைத்தபோது அவருக்கு வெட்கமாக இருந்தது. தகரத்தை மாற்றினார். கீரி கடித்திருந்த இடத்தில் புது வலை அடித்தார். உயரத்தில் இருந்த கம்பை முழங்காலுக்குக் கீழே இறக்கி, அதன்மேல் பழைய வேட்டியைச் சுற்றினார். ஏறி வரச் சாய்வாகப் பலகை வைத்து, வழுக்காமலிருக்கக் குறுக்கே சட்டம் அடித்தார். ஈர உமியை அள்ளிக் கொட்டிவிட்டுப் புது உமி பரப்பினார். செள்ளுப்பூச்சி வராமலிருக்க மூலைகளில் சாம்பலும் வேப்பிலையும் போட்டார். தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டார். உள்ளே நுழைந்து வேலை பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று கூட்டை இரண்டு பக்கமும் கொஞ்சம் இழுத்துக் கட்டினார். பெனிட்டா வந்து பார்த்துவிட்டு, "அப்பா, நம்ம வீட்டுக்குக்கூட நீங்க இவ்வளவு செஞ்சதில்ல" என்றாள். பாத்ரூம் கதவுக் கொண்டி ஒரு வருடமாகத் தொங்கிக்கொண்டிருப்பது அவருக்கு நினைவு வந்தது.

செவலையின் கால் செதில்களுக்கு வேப்பெண்ணெய் தடவினார். வளைந்துபோன நகங்களை வெட்டினார். நொய்யை வேகவைத்துப் பிசைந்து கையில் வைத்து ஊட்டினார். கிளிஞ்சல் பொடி சரியான பதத்தில் இருக்கிறதா என்று நாக்கில் வைத்துப் பார்த்தார். மோசமில்லை.

அந்தியில் அதனால் நடக்க முடியாமல் போனபோது தூக்கிக்கொண்டு வாசற்படிக்கு வந்தார். முகம் வெளிப்பக்கம் இருக்கும்படி நெஞ்சோடு அணைத்துத் தூக்கி வந்தார். அது மூன்று எண்ணியது. இப்படியே நாலைந்து மாலை போன பிறகுதான், தூக்கி வருகிறவன் எப்படி அதன் கண்ணில் படுவான் என்பது அவருக்கு உறைத்தது. பிறகு ஒரு ஸ்டூலில் உட்காரவைத்துவிட்டுச் சுற்றி ஓடிவந்து முன்னால் நின்றார். மூச்சு வாங்கியது. செவலை அவரைப் பொறுமையாகப் பார்த்துவிட்டு, அவருக்குப் பின்னால் மழையைப் பார்த்தது.

"விடுங்கப்பா" என்றான் ஜெபின். "அதுக்கே முடியல."

மழை வலுத்துத் தாழ்வாரத்தில் சாரல் அடித்ததால் அவர் படுக்கையைக் கூட்டுக்குள் மாற்றிக்கொண்டார். நனையாத ஒரே இடம் அதுதான். தகரம் அடித்தது அவரே ஆயிற்றே.

ஒருநாள் மாலை செவலை எழவேயில்லை. உடம்பு சில்லிட்டிருந்தது. ஞானசிகாமணி அதைத் தன் சட்டைக்குள் வைத்து, கம்பின் மேல் குந்தியிருந்தார். அந்தி சாய்ந்தது. வாசற்படியில் கோழி இல்லாததால் மற்ற மூவரும் குடை பிடித்துக்கொண்டு கூட்டுக்கு வந்து வலைக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். சட்டைப் பொத்தான்களுக்கு நடுவிலிருந்து செவலை தலையை நீட்டியது. ஒன்று. நெடுநேரம் கழித்து இரண்டு. கண்ணை மூடித் திறந்து மூன்று.

அவர்கள் கிளம்பத் திரும்பினார்கள். அப்போது செவலை கழுத்தை மடக்கி, மேலே, தன் தலைக்கு நேர் மேலேயிருந்த ஞானசிகாமணியின் முகத்தைப் பார்த்தது. ஒரு கண். மறு கண்.

"கொக்" என்றது.

மூவரும் திரும்பிப் பார்த்தார்கள். ஞானசிகாமணி கம்பிலிருந்து இறங்கப் பார்த்தார்.

"நீங்க இறங்காதீங்க" என்றாள் ரோஸ்லெட். "அது வீட்டை எண்ணி முடிச்சிட்டு, கூட்டைத்தான் எண்ணிச்சு."

அவர் யோசித்துப் பார்த்தார். அவள் சொன்னது சரி. எங்கே என்பது வேறு விஷயம், கணக்கில் வந்தாகிவிட்டது. பெனிட்டா கூட்டுக் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு விழுந்தது. நன்றாகத்தான் எண்ணெய் விட்டிருக்கிறோம் என்று நினைத்தார். செவலை அவருடைய வயிற்றுச் சூட்டில் உடம்பைச் சிலிர்த்து உட்கார்ந்துகொண்டது. காலையில் அது தீனி எடுத்தது.

பிறகு வாழ்க்கை ஒழுங்குக்கு வந்தது. பகலில் ஆபீசுக்குப் போய்வந்தார். அந்தியில் செவலை மூன்றையும் சொல்லி, கடைசியில் அவரையும் சொல்லும். கிறிஸ்துமஸ் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒருநாள் ரோஸ்லெட் தீனிக் கிண்ணத்தை வைத்துவிட்டு, வலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "முட்டை விலைய கேக்கவே முடியல. கேக்குக்கு நெறைய வேணும். கூட்டுல இருந்து எதாவது கெடைச்சா நல்லாருக்கும்" என்றாள். யாரிடம் சொல்கிறாள் என்று தெரியாதபடி இருவருக்கும் நடுவில் பார்த்துச் சொன்னாள். செவலை கண்ணை மூடிக்கொண்டது. ஞானசிகாமணிக்கு அன்றிலிருந்து ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. மூலையில் உமியைக் காலால் ஒதுக்குவதும், பிடிக்காமல் மறுபடி கலைப்பதுமாக இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஏரல் அத்தான் வந்தார். ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்திருந்தார். நேராகக் கூட்டுக்கு வந்து, குனிந்து உள்ளே நுழைந்து, கம்பை அமுக்கிப் பார்த்தார்.

"வேட்டி சுத்தினது நல்ல யோசனைவே. எனக்கு இது தோணல. நீரு அப்ப நம்பாம சிரிச்சீரு, ஞாபகமிருக்கா?"

"இருக்கு அத்தான்."

இருவரும் கம்பில் பக்கத்தில் பக்கத்தில் குந்தியிருந்தார்கள். அத்தான் ஒரு பழத்தை உரித்துச் செவலைக்குக் கொஞ்சம் கிள்ளி வைத்தார். மூலையில் ஒதுக்கிவைத்த உமிக்குழியை அவர் பார்த்தார். பார்க்காதது போலத் திரும்பிக்கொண்டார். முற்றத்தில் பெனிட்டா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவள் உள்ளே போகும்வரை ஞானசிகாமணி காத்திருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, இத்தனை வருடமாகக் கேட்காமல் விட்டதைக் கேட்டார்.

"மொத முட்டைக்கு மட்டுந்தான் வலிக்குமா, அத்தான்?"