ஒன்பது ஞாயிறுகளும் ஒரு சேனைப்பூவும்

ஊரடங்கால் நின்றுபோன ஆராய்ச்சிகளுக்காக நிதியம் அறிவித்திருந்த தொண்ணூறு நாள் காலநீட்டிப்பு, ஜூன் இருபத்தாறாம் தேதி காலை பத்தரை மணிக்குப் பல்கலைக்கழகத்தில் லாரியில் வந்து இறங்கியது. நாளுக்கு ஒரு சாக்கு. வாயைத் தைத்து, மேலே கிழமையை அச்சிட்டிருந்தார்கள்.

ஆராய்ச்சிப் பிரிவின் கண்காணிப்பாளர் செண்பகவல்லி முகக்கவசத்தை மூக்குக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு வாசலில் நின்றார். வளாகத்துக்குள் வர அனுமதி பெற்றிருந்த சிலரில் அவரும் ஒருவர். அவருடைய பிரிவின் உதவியாளர் பேச்சிமுத்து இன்னொருவர். பேச்சிமுத்து சாக்குகளை ஒவ்வொன்றாக உள்ளே கொண்டுவந்து சேர்த்தார். திங்கட்கிழமைகளை மட்டும் லாரி டிரைவரும் சேர்ந்து பிடிக்க வேண்டியிருந்தது.

சாக்கின் அடியில் உபயோகிக்கும் முறை எழுதியிருந்தது. மூடிய அறைக்குள் பிரிக்க வேண்டும். அந்த நாளுக்குரிய சூரியன் அடங்கும்வரை கதவைத் திறக்கக் கூடாது. உள்ளே ஒரு பகல் முழுக்க நடந்து முடியும். வெளியே கடிகார முள் அசையாது. சாக்கில் இரவு சேர்க்கப்படவில்லை.

இரண்டே நாளில் செண்பகவல்லி எல்லாவற்றையும் ஆய்வகங்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டார். இருபத்திரண்டு வருடமாக அவர் செய்துவந்த வேலை அதுதான்: வந்ததை உரிய மேசைக்கு அனுப்புவது. ஆனால் மூன்றாம் நாள் காலை எல்லா ஆய்வகங்களும் தங்கள் ஞாயிற்றுக்கிழமைகளைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்தன. ஞாயிறன்று யாரையும் வேலை செய்யச் சொல்ல முடியாது. இயற்பியல் துறைத் தலைவர் ஒரு சாக்கைப் பிரித்தும் பார்த்துவிட்டாராம்; மாணவர்கள் அத்தனை பேரும் சாப்பிட்டுவிட்டு லேசர் மேசைக்கு அடியில் படுத்துவிட்டார்கள்.

மீதி பன்னிரண்டு ஞாயிறுகள் ஜெராக்ஸ் இயந்திரத்தின் பக்கத்தில் அடுக்கப்பட்டன. அந்தப் பக்கம் போகிறவர்கள் கொட்டாவி விட்டார்கள். நிதியத்தின் சுற்றறிக்கையோ தெளிவாக இருந்தது: பயன்படாத நாட்களைத் திருப்பி அனுப்பக் கூடாது, வீணாக்கவும் கூடாது.

இருபத்தொன்பதாம் தேதி மதியம் தாவரவியல் பேராசிரியர் அமலோற்பவம் வந்தார். ஆறடி தள்ளி நின்றார். கையில் விண்ணப்பப் படிவம்.

"செண்பகம், நாளைக்கு நான் ரிட்டயர் ஆகுறேன்."

"தெரியும் மேடம். உங்க ஃபைலை நேத்துதான் அனுப்பினேன்."

"நாளைக்கு அஞ்சு மணியோட இந்த விண்ணப்பமும் முடியுது. ரெண்டுக்கும் ஒரே நாள்தான் கெடு பாரு."

செண்பகவல்லிக்கு அந்த அறிவிப்பு மனப்பாடம். காய்ச்சல் வந்து போனவர்களில் பலருக்கு மோப்பம் போனது போனதுதான். அதைத் திரும்பக் கொண்டுவரும் ஆராய்ச்சிக்கு மூன்று வருட நிதி. நிதி கிடைத்தால் ஓய்வும் மூன்று வருடம் தள்ளிப்போகும். ஒரே ஒரு நிபந்தனை: முதற்கட்டச் சான்றாகக் குறைந்தபட்சம் ஒரு மூக்காவது காட்டப்பட வேண்டும்.

அமலோற்பவத்திடம் மூக்கு இல்லை. பூ இருந்தது. காட்டுச் சேனையையும் நாட்டுச் சேனையையும் பதினேழு வருடமாக இனக்கலப்புச் செய்து ஒரு கிழங்கை உண்டாக்கியிருந்தார். சாதாரணச் சேனைப்பூவே செத்த எலிபோல நாறும். இது பூத்தால் பத்து எலிக்குச் சமம் என்று அவருடைய கணக்கு. மூடிப்போன மூக்கை அது எழுப்பிவிடும் என்று அவர் உறுதியாக நம்பினார். மொட்டு முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டது. விரிய இன்னும் ஒன்பது நாள் வேண்டும்.

"எனக்கு ஒம்பது நாள் மட்டும் கொடேன்," என்றார். கேட்டுவிட்டுத் தரையைப் பார்த்தார். யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாதவர் அவர்.

"உங்க பழைய திட்டம் மார்ச்சிலயே முடிஞ்சுபோச்சு மேடம். விதிப்படி உங்களுக்கு நாள் இல்ல."

"நான் போனதும் அந்த அறையைத் தேர்வுப் பிரிவுக்குக் குடுக்கப் போறாங்க. கிழங்கை என்ன செய்வாங்கன்னு கேட்டேன். கேன்டீனுக்கு அனுப்பிடலாம்னு சொன்னாங்க."

செண்பகவல்லி ஜெராக்ஸ் இயந்திரத்தின் பக்கம் திரும்பினார். பிறகு கேட்டார்:

"பூவுக்கு ஞாயித்துக்கிழமை லீவு உண்டா மேடம்?"

அமலோற்பவம் சற்று யோசித்தார். "கிடையாது."

பதிவாளரிடம் போனில் அனுமதி கேட்க வேண்டியிருந்தது. காய்ச்சல் வந்து போனதிலிருந்து அவர் வீட்டிலிருந்தே வேலை பார்த்தார்.

"ஞாயிறுல யாரும் வேலை செய்யக் கூடாதேம்மா," என்றார்.

"யாரும் செய்யல சார். பூதான் செய்யுது. நாங்க சும்மா பக்கத்துல இருப்போம்."

"சும்மா இருக்குறதுன்னா தடை இல்ல," என்றார் பதிவாளர்.

அடுத்து மூக்கு வேண்டும். அதைத் தேட வேண்டியிருக்கவில்லை. பேச்சிமுத்துவுக்கு மே மாதம் காய்ச்சல் வந்தது. பத்து நாளில் ஆள் எழுந்துவிட்டார், மோப்பம் மட்டும் எழவில்லை. அவருடைய மனைவி ஆவுடைத்தங்கம் கருவாட்டுக் குழம்பு வைத்தால் தெருமுனைவரை தெரியும். தட்டுக்கு முன்னால் இருந்த பேச்சிமுத்துவுக்குத் தெரியவில்லை. நாலைந்து தடவை பார்த்துவிட்டு, "மூக்கில்லாத மனுசனுக்கு எதுக்கு மசாலா" என்று அவள் வெறும் கஞ்சிக்கு மாறிவிட்டாள். அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் சாப்பாட்டு நேரத்தில் இப்போதெல்லாம் அவர்கள் பேசிக்கொள்வதில்லை.

"அண்ணாச்சி, ஒரு ஒம்பது ஞாயிறு எங்ககூட இருக்க முடியுமா?" என்று செண்பகவல்லி கேட்டார்.

"எப்பத் திரும்புவோம் மேடம்?"

"உள்ள போன நிமிசத்துக்கே."

"அப்பம் வீட்டுல சொல்லாண்டாம்," என்றார் பேச்சிமுத்து.

ஜூன் முப்பதாம் தேதி, மூன்று மணி பத்து நிமிடத்துக்கு மூவரும் அரிசி, பருப்பு, காய்கறி, மின்னடுப்பு, பன்னிரண்டு சாக்கு சகிதம் தாவரவியல் ஆய்வகத்துக்குள் போய்க் கதவைச் சாத்தினார்கள். பன்னிரண்டையும் கொண்டுபோனது ஒரு முன்ஜாக்கிரதைதான். அமலோற்பவம் கத்தரிக்கோலால் முதல் சாக்கின் தையலை வெட்டினார். வெளிச்சம் மெதுவாக வழிந்து அறையை நிரப்பியது. சோம்பலான, மஞ்சளான, காலை ஒன்பது மணி வெளிச்சம்.

அந்த ஞாயிறுகள் ஒரே கிடங்கிலிருந்து வந்தவை என்றாலும் ஒன்றுபோல் மற்றொன்று இல்லை. முதலாவதில் நல்ல வெயில். இரண்டாவதில் நாள் முழுக்கச் சாரல். குடை பிடித்துக்கொண்டு சமைத்தார்கள். மூன்றாவதில் தூரத்தில் எங்கோ கல்யாண வீட்டு மைக் கேட்டது, அவர்களும் ஒன்றிரண்டு பாட்டுக்குத் தாளம் போட்டார்கள். அமலோற்பவம் ஒவ்வொரு காலையும் ஒரு கீர்த்தனை பாடி ஜெபம் செய்தார். "ஒம்பது ஞாயிறு வரிசையா வந்தா கர்த்தருக்கே நம்ம மேல சலிப்பு வந்துடும்," என்று சிரித்தார்.

நான்காம் ஞாயிறன்று செண்பகவல்லி தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டார். ஐந்தாம் ஞாயிறன்று, தான் இருபத்திரண்டு வருடத்தில் எந்த ஆராய்ச்சியையும் நேரில் பார்த்ததில்லை என்பது அவருக்கு உறைத்தது. எத்தனையோ ஆராய்ச்சிகளுக்கு எண் போட்டிருக்கிறார். ஒன்றின் பக்கத்தில்கூட உட்கார்ந்ததில்லை. அதற்குப் பிறகு முக்காலியை மொட்டின் அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். மொட்டு ஒரு பகலுக்கு இரண்டு விரற்கடை வளர்ந்தது. அதைக் கண்ணால் பார்க்க முடியாது. ஆனால் மதியத் தூக்கம் போட்டு எழுந்தால் தெரியும்.

ஆறு, ஏழு, எட்டு. ஒன்பதாம் ஞாயிறு மாலை மொட்டு அப்படியே நின்றது. வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது.

"நான் தப்பாக் கணக்குப் போட்டுட்டேன் செண்பகம்," என்றார் அமலோற்பவம். "பதினேழு வருசம்."

"இன்னும் மூணு சாக்கு இருக்கே மேடம்."

அவர் சொல்லி வாய் மூடவில்லை. மொட்டின் மடல் ஈரச்சேலை பிரிகிற மாதிரிப் பிரிந்தது. உள்ளே கருஞ்சிவப்பு. ஒரு கணம் ஒன்றும் இல்லை. பிறகு நாற்றம் எழுந்தது. செண்பகவல்லி முக்காலியோடு பின்னால் போய்ச் சுவரில் முட்டினார். அமலோற்பவத்துக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. முந்தானை, முகக்கவசம், அதற்கு மேல் கை எல்லாவற்றையும் தாண்டி அது உள்ளே வந்தது. பத்து எலி என்பது அடக்கமான மதிப்பீடு.

பேச்சிமுத்து மின்னடுப்பின் முன்னால் நின்று உப்புமா கிண்டிக்கொண்டிருந்தார்.

இரண்டு பெண்களும் மூக்கைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தார்கள். அவர் கிண்டினார். உப்புப் போட்டார். மறுபடி கிண்டினார். பிறகு கரண்டி பாதியில் நின்றது. ஒரு தும்மல் போட்டார். இன்னொன்று. மூன்றாவது தும்மலுக்கு அடுப்பே ஆடியது.

"டாக்டரம்மா," என்றார் மெதுவாக, "இங்கன ஏதோ செத்துக் கெடக்கு."

"எங்க அண்ணாச்சி? எந்தப் பக்கம்?" அமலோற்பவம் மூக்கிலிருந்து கையை எடுத்துவிட்டு அவர் அருகே ஓடினார்.

"இங்கனதான். நாறுது! ஐயோ, என்னமா நாறுது! கொடலப் புடுங்குது டாக்டரம்மா!" பேச்சிமுத்து சிரிக்கத் தொடங்கினார். ஓடிப்போய்க் காப்பித்தூள் டப்பாவைத் திறந்து முகர்ந்தார். சோப்பை முகர்ந்தார். தன் சட்டைக் கையை முகர்ந்து, "சீ" என்றார், அதற்கும் சிரித்தார். தாளித்த கடுகை முகர்ந்தபோது மட்டும் பேச்சு நின்று, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

சூரியன் அடங்கியதும் கதவைத் திறந்தார்கள். வெளியே மூன்று மணி பத்து நிமிடம். நாற்றம் அவர்களுக்கு முன்னால் நடைபாதையில் இறங்கிப் போயிற்று. முதலில் காவலாளி தும்மினார். பிறகு விடுதியில் தனிமைப்படுத்தப்பட்டிருந்த மாணவர்கள் ஜன்னல் ஜன்னலாகத் தும்மினார்கள். "நாறுதுடா!" என்று ஒருவன் மொட்டைமாடியில் நின்று கத்தினான், கீழே இருந்தவர்கள் கைதட்டினார்கள். ஆறடி இடைவெளி விட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு, ஜனங்கள் மரத்தடிகளில் வந்து நின்று ஒருவருக்கொருவர் வாழ்த்துச் சொல்லிக்கொண்டார்கள். நான்கு தெரு தள்ளி இருந்த பதிவாளர் போன் செய்து, என்ன என்று கேட்காமல், "வருது, வருது" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார்.

நாலே முக்காலுக்கு செண்பகவல்லி விண்ணப்பத்தை ஏற்றினார். சான்று என்ற கட்டத்தில் பேச்சிமுத்துவின் மூக்கைப் படம் எடுத்துச் சேர்த்தார். பேச்சிமுத்து அதற்குள் வாசலில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார்:

"தங்கம், கருவாடு இருக்கா? ... ஆமா, வருது. எல்லாம் வருது. நீ அடுப்பப் பத்த வையி, நான் வாரேன்." கொஞ்ச நேரம் மறுமுனையைக் கேட்டார். "ஏட்டி, அதுக்கு எதுக்கு அழுத?"

ஐந்து மணிக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது ஒப்புதல் வந்தது. ஓய்வு ஆணையை அமலோற்பவம் நாலாக மடித்துக் கிழங்குத் தொட்டியின் ஆடிய காலுக்கு முட்டுக் கொடுத்தார்.

ஜூலை முதல் வாரம் அடுத்த சுற்றறிக்கை வந்தது. களப்பணிக்குப் போக முடியாத துறைகளுக்குக் களமே அனுப்பிவைக்கப்படும் என்று அதில் இருந்தது. வியாழக்கிழமை பதினோரு மணிக்குப் பேச்சிமுத்து கதவருகே வந்து நின்றார். இடுப்புவரை நனைந்திருந்தார்.

"மேடம், கடல் அறிவியலுக்கு லோடு வந்துருக்கு. எங்க எறக்க?"

"சைக்கிள் ஸ்டாண்டு காலியாத்தானே இருக்கு? அங்க எறக்கச் சொல்லுங்க அண்ணாச்சி. கரை நம்ம பக்கமா இருக்கட்டும்."

"டிரைவரு அலைகள எண்ணிப் பாத்துக் கையெழுத்துப் போடச் சொல்லுதாரு."

"எண்ணிட்டீங்களா?"

"ரெண்டு தடவ எண்ணிட்டேன். ஒண்ணு கொறையுது."

செண்பகவல்லி பேனாவை எடுத்தார்.

"பின்னாலயே வரும்," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.