முதலில் சால்வை

முசரவாக்கத்துக்கு எந்தப் பெரிய மனிதர் வந்தாலும் தோளில் ஒரு பட்டுச் சால்வை விழாமல் திரும்ப முடியாது. நெசவாளர் சங்கத் தலைவர் நமச்சிவாயம் விடமாட்டார். கோமாரி ஊசி போட வந்த கால்நடை டாக்டருக்குப் போட்டிருக்கிறார். ஓட்டுக் கேட்டு வந்து டெபாசிட் இழந்தவருக்கும் போட்டிருக்கிறார். வழி தெரியாமல் காரை நிறுத்தி ‘தாமல் எப்படிப் போகணும்?’ என்று கேட்ட ஒருவருக்குக்கூட, காரின் நீளத்தைப் பார்த்துவிட்டுப் போட்டார். அவர் யாரென்று இன்றுவரை தெரியாது.

சால்வைக்கு ஒரு நியாயமும் உண்டு. போட்டவர், போட்டுக்கொண்டவரை அந்த இடத்தில் எதிர்த்துப் பேசக் கூடாது. நெய்து, மடித்து, தாம்பாளத்தில் வைத்து, தோளில் போட்டுவிட்டு அடுத்த மூச்சில் குறை சொல்வது அந்தத் தெருவில் யாருக்கும் வராது. சம்பந்தி வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் குழம்பைப் பழிப்பதுபோல.

ஊருக்கு மேற்கே ஒரு பாறைக் குன்று இருந்தது. பாலாற்று மணலைச் சுரண்டித் தீர்த்த பிறகு, ஆற்றைக் காப்பாற்ற வேண்டும் என்று மணல் அள்ளத் தடை வந்தது. ஆறு தப்பித்தது, குன்று மாட்டிக்கொண்டது. பாறையை அரைத்தே மணல் செய்யலாம் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். இப்போது பெங்களூர் சாலையில் சூரிய மின்தகடு செய்யும் தொழிற்சாலைகளுக்கென்று ‘பசுமைப் பூங்கா’ ஒன்று வரப்போகிறதாம். அதன் அஸ்திவாரத்துக்கு ஜல்லி வேண்டும், ரோட்டுக்கு ஜல்லி வேண்டும், பசுமை என்று எழுதப்போகும் மதிலுக்கும் ஜல்லி வேண்டும். சூரியனைப் பிடிக்க முதலில் குன்றை உடைத்தாக வேண்டும்.

குவாரி எடுத்த வரதராஜன் மக்களின் கருத்தைக் கேட்கும் கூட்டத்துக்கு ஏற்பாடு செய்தார். சட்டப்படி கேட்டுத்தான் ஆக வேண்டும்.

தெருக்காரர்களுக்குக் குன்றைப் பற்றிக் கவலை இல்லை. லாரி எந்த வழியாகப் போகும் என்பதுதான் கவலை. நெடுஞ்சாலைக்கு இரண்டு வழி: ஏரிக்கரையைச் சுற்றி ஒன்று, தறிக்காரத் தெருவுக்குள் புகுந்து ஒன்று. தெரு வழி கிட்டம். ஆனால் அந்தத் தெரு வெறும் தெரு அல்ல. தறியில் ஏற்றவேண்டிய நெடுக்கு இழைகளை, பட்டுப் பாவு என்பதை, விடியலுக்கு முன்பே அங்கேதான் நீட்டிக் கட்டுவார்கள். பத்து வீட்டு நீளத்துக்கு, இடுப்பு உயரத்தில், குறுக்குக் கழிகளின் மேல் பாவு நிற்கும். கஞ்சி தெளித்து, இழை இழையாகப் பிரித்து, வெயில் ஏறுவதற்குள் சுருட்டிவிட வேண்டும். தெருவில் லாரி ஓடினால் பாவு இல்லை. பாவு இல்லையென்றால் தறி இல்லை.

அதனால் நமச்சிவாயம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும் என்று தெரு கூடி முடிவு செய்தது: லாரி ஏரிக்கரை வழியாகப் போகட்டும். அவர் அதைக் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தார். குளிக்கும்போது சொன்னார். கூடவே, கூட்டத்துக்கென்று தனியாக ஒரு சால்வையும் நெய்தார். பச்சை உடல், பார்டரில் கதிர் விரித்த குட்டிச் சூரியன்கள் வரிசையாக. சின்ன காஞ்சிபுரத்துக் கடைக்காரர் பார்த்துவிட்டு இப்படி ஒரு பார்டர் எங்கேயும் கண்டதில்லை என்றார். நமச்சிவாயம் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

அவர் மனைவி கமலவேணி சால்வையைப் பார்த்தாள், கணவரைப் பார்த்தாள்.

“முதல்ல பேசுங்க. சால்வைய அப்புறமா போடுங்க,” என்றாள். “மாத்திடாதீங்க, சொல்லிக்கினே இருக்கறேன்.”

“எனக்குத் தெரியாதா?” என்றார் நமச்சிவாயம்.

கல்யாண மண்டபத்தில் கூட்டம். மேடையில் கருத்துக் கேட்க வந்த அதிகாரி, பக்கத்தில் வரதராஜன். அதிகாரி நன்றாகவே பேசினார். மேல்நாட்டுக்காரன் இருநூறு வருஷம் கரியை எரித்து வீடு வாசல் கட்டிக்கொண்டான், இப்போது நம்மைப் பார்த்து எரிக்காதே என்கிறான் என்றார். நமக்குக் கரண்டும் வேண்டும், பிள்ளைகளுக்கு வேலையும் வேண்டும், புகையும் கூடாது, இதில் எதை விடுவது என்று கேட்டார். அதில் பொய் ஒன்றும் இல்லை. அப்போது கரண்ட் போனதும் பொய் இல்லை. மைக் செத்துவிட்டதால் மீதியைக் கத்திச் சொன்னார்.

பிறகு அவர் பார்வை நமச்சிவாயத்தின் மேல் திரும்பியது. உலகமே கரிப்புகையைக் குறைக்கத் தலையால் தண்ணீர் குடிக்கிறது, இதோ ஒரு மனிதர், கையும் காலும் மட்டும் கொண்டு நெய்கிறார், இவரல்லவா பூமியின் காவலர் என்றார். கரண்ட் பில் கட்ட முடியாமல் தறிக்கு மோட்டார் வைக்காமல் இருந்தவருக்கு, அது தியாகம் என்பது அன்றுதான் தெரிந்தது. கண் கலங்கிவிட்டது. தாம்பாளம் மடியில் இருந்தது. கால்கள் தாமாக எழுந்தன.

அதிகாரிக்குத் தெருக்காரர்கள் ஒரு சால்வையைப் போட்டார்கள். சூரியச் சால்வையை நமச்சிவாயம் தன் கையால் வரதராஜனுக்குப் போர்த்தி, பார்டர் வெளியே தெரியும்படி மடிப்பைச் சரிசெய்தார். படம் எடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் ‘உங்கள் கருத்து?’ என்று கேட்டார்கள்.

நமச்சிவாயம் சூரியனைப் பற்றிப் பேசினார். சூரியன் இல்லாமல் பாவு காயாது என்றார். கைதட்டினார்கள். பெண்கள் வரிசையில் கமலவேணி தலையைக் குனிந்துகொண்டாள். கடைசியில் நமச்சிவாயம், தெருவில் கொஞ்சம் பார்த்துப் போகச் சொன்னால் புண்ணியமாக இருக்கும் என்று, காது குத்துக்கு மொய் வைப்பவர்போல மெல்லச் சொல்லி முடித்தார். வரதராஜன் அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, விடியற்காலையில் ஒரு லாரிகூட எடுக்கமாட்டோம் என்றார். மறுநாள் பேப்பரில் படம் வந்தது. ஊர் மக்கள் பட்டாடை போர்த்தி வரவேற்றார்களாம்.

வீட்டில் கமலவேணி தட்டை எடுத்து வைத்தாள். சோறு போட்டாள். வாய்விட்டுக் குறை சொன்னவன் நமச்சிவாயத்தின் தம்பி முத்துக்குமார்தான். அண்ணன் தறியில் நெய்ய, பாவு வேலை முழுக்க அவன் கையில். கல்யாணம் கட்டாதவன், வாய் நீளம்.

“இன்னா ணா, பூமிக் காவலரே. பூமியக் காப்பாத்திட்டு தெருவ வுட்டுட்டியே,” என்றான்.

வரதராஜன் வாக்குத் தவறாதவர் என்று காட்டினார். தெரு முனையில் ‘பசுமை நெசவுத் தெரு’ என்று வளைவு வைத்தார், லாரி தாராளமாக நுழையும் உயரத்தில். தெரு நெடுக சூரிய விளக்குகளும் நட்டுக் கொடுத்தார். முதல் மாதம் தெரு கல்யாண வீடுபோல இருந்தது. கரண்ட் போனாலும் வெளிச்சம். விடியலுக்கு முன் பாவு கட்ட நல்ல வசதி என்று முத்துக்குமாரே ஒப்புக்கொண்டான்.

பிறகு குன்றிலிருந்து வந்த தூசி தகடுகளின் மேல் படிந்தது. மாவு சலித்ததுபோல வெள்ளையாக. விளக்குகள் மங்கின. முத்துக்குமார் ஏணி போட்டு ஏறி ஈரத் துணியால் துடைத்தான். துடைத்த வாரமே மறுபடியும் படிந்தது. சூரிய விளக்கு கொடுத்தவரே சூரியனை மறைக்கிறார் என்று சொல்லிச் சிரித்தான். அப்புறம் ஏறுவதை விட்டுவிட்டான். மழைக்காலத்தில் ஒரு விளக்கும் எரியவில்லை. பூங்காவுக்குத் திறப்பு விழாத் தேதி குறித்துவிட்டதால், லாரிகள் முதலில் எட்டு மணிக்கும், பிறகு ஆறு மணிக்கும், பிறகு எப்போது வேண்டுமானாலும் வந்தன. கேட்டால், நாட்டுக்குப் பசுமை அவசரம் என்றார்கள். நமச்சிவாயம் போய்க் கேட்டார். டீ கொடுத்து அனுப்பினார்கள்.

மழை விட்ட ஒரு விடியலில் பாவு கட்டினார்கள். ஒரு நுனி நமச்சிவாயத்தின் வீட்டுப் பக்கம் முளையில். மறு நுனியின் கயிறு முத்துக்குமாரின் மணிக்கட்டில் சுற்றியிருந்தது. பாவின் இழுவிசையைக் கைதான் சொல்லும், கொஞ்சம் விட்டுக் கொஞ்சம் இழுத்து அவன் பதம் பார்ப்பான். அவன் செய்கிற முறையே அதுதான்.

வளைவுக்குள் லாரி நுழைந்தபோது இருட்டு. நமச்சிவாயம் கையிலிருந்த கஞ்சிச் செம்பைப் போட்டுவிட்டு இரண்டு கைகளையும் தூக்கினார். டிரைவருக்கு அவர் தெரிந்தார். நீட்டியிருந்த பாவு தெரியவில்லை. அவருக்கு இடம் விட்டு ஒடித்தான். சக்கரம் பாவைப் பிடித்தது.

வேறு நூலாக இருந்தால் அறுந்திருக்கும். பட்டு அறுபடவில்லை. அச்சில் சுற்றிக்கொண்டு, முளையைப் பிடுங்கி, கழிகளை ஒவ்வொன்றாகத் தள்ளி, கடைசியில் முத்துக்குமாரையும் இழுத்தது. அவன் கயிற்றை அவிழ்க்கப் பார்த்தான். வளைவின் தூணில் போய் மோதினான். அவ்வளவுதான்.

மதியம் வரதராஜன் வந்தார். கூடவே கேமராவோடு ஒரு ஆள். டிரைவர் இரவெல்லாம் தூங்காமல் ஓட்டியவன், ஏழை, என்ன செய்வது என்றார். உங்கள் ஊர் வழக்கத்தை மதிக்கிறவன் நான் என்று, கொண்டுவந்த சால்வையைப் பிரித்து முத்துக்குமாரின் மேல் போர்த்தினார்.

மடிப்பு உள்ளே போயிருந்தது. நமச்சிவாயத்தின் கை தானாக நீண்டது. பார்டர் வெளியே தெரியும்படி இழுத்துவிட்டது. குட்டிச் சூரியன்கள் வரிசையாக வெளியே வந்தன.

அவர் கையை எடுக்கவில்லை. கேமராக்காரன் அப்படியே இருங்கள் என்றான்.

“லாரி ஏரிக்கரை வழியா போவட்டும்,” என்றார் நமச்சிவாயம்.

வரதராஜனுக்குக் காதில் விழவில்லையோ என்னவோ, “என்னப்பா?” என்றார்.

“லாரி ஏரிக்கரை வழியா போவட்டும்.”

இந்த நேரத்தில் அதெல்லாம் எதற்கு, காரியம் முடியட்டும், உட்கார்ந்து பேசலாம் என்று வரதராஜன் அவர் தோளைத் தட்டினார். கமலவேணி எழுந்து வந்தாள். சால்வையை மெல்ல உருவி, நாலாக மடித்து, வரதராஜனின் கையில் வைத்தாள். கடைப் பெண்போல அத்தனை பக்குவமாக.

“எடுத்துக்கினு போங்க. இன்னும் எத்தினி எடத்துக்குப் போவணுமோ,” என்றாள்.

பாடை கிளம்பும்போது தெருவில் லாரிகள் வரிசையாக நின்றன. காலையில் தடைபட்ட லோடு. பின்னால் போக இடமில்லை, முன்னால் போலீஸ் விபத்து நடந்த இடத்தை அளந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பெரியவர்கள் பாடையைத் திருப்பி ஏரிக்கரை வழியாகத் தூக்கிப்போகச் சொன்னார்கள்.

நமச்சிவாயம் நெருப்புச் சட்டியோடு முன்னால் நடந்தார். அகலமான பாதை. மழைக்குக்கூடச் சேறு இல்லை. எதிரில் ஒரு சைக்கிள்கூட வரவில்லை.