சாக்குக்குள் பதினேழு வளைவு

காசிமாயன் தன் வீட்டுப் படலுக்கு வெளியே நின்றான். தலையில் மழைக்குப் போட்ட சாக்குக் கொங்காணி, கையில் தூக்குவாளி. உள்ளே அவன் வீட்டு நாய் சிப்பாய் முன்கால்களைப் படலில் ஊன்றித் தொண்டை கிழியக் குரைத்துக்கொண்டிருந்தது. எதிர்வீட்டுச் சோலைமலை பீடியை வாயிலிருந்து எடுத்தார்.

"என்ன மாப்ளே, பொண்ணு பாக்க வந்திருக்கியா? உள்ள கூப்பிட மாட்டேங்குறாகளே."

பொன்னுமணி அடுப்படியிலிருந்து ஓடிவந்து நாயை இழுத்துப்போய் வேம்பில் கட்டினாள். அதன் பிறகுதான் வீட்டுக்காரன் வீட்டுக்குள் வர முடிந்தது.

எழுபத்தொன்பதாம் வருஷம் அது. எத்தனையோ காலம் கழித்தும் பொன்னுமணிக்குச் சனிக்கிழமை என்றால் அந்தக் குரைப்புதான் முதலில் கேட்கும். அதற்குப் பின்னால்தான் புருஷன் முகம் வரும். அத்தை மகனைக் கட்டி ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. அவனுக்குப் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு ஏலத்தோட்டத்தில் காய் உலர்த்தும் ஸ்டோரில் சோலி. கம்பிவலைத் தட்டுகளில் பச்சைக்காயைப் பரப்பி, விறகடுப்புச் சூட்டைக் குழாய் வழியே அறைக்குள் விடுவார்கள். சூடு கொஞ்சம் ஏறினால் காய் வெளுத்துவிடும், இறங்கினால் பூசணம் பூத்துவிடும். பறிப்புக்காலம் முழுக்க அடுப்பை விட்டு நகர முடியாது. சனிக்கிழமை ஜீப்பில் இறங்குவான், திங்கட்கிழமை விடிந்ததும் ஏறிவிடுவான். இடையில் இருக்கிற ஐந்து நாள் தனிமைக்குத் துணையாகத்தான் போன வருஷம் அந்தக் குட்டியை மேலேயிருந்து கொண்டுவந்து அவள் மடியில் போட்டான். அது அவளுக்குத் துணையானது. அவனுக்குத்தான் பகையானது.

அன்றைக்கு அவனுக்குப் பொறுக்கவில்லை. புளியம்விளாரை ஒடித்து, கட்டிக் கிடந்த நாயை நாலு வீசு வீசினான். குரைப்பு நின்றது.

"பாத்தியா? இதுக்கு இந்தப் பாஷதான் புரியும்."

அடுத்த சனிக்கிழமை சிப்பாய் குரைக்கவே இல்லை. வாலைக் கூட அசைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றது. அவன் தைரியமாகப் படலைத் திறந்து நாலடி வைத்ததும் கெண்டைக்காலைக் கவ்வியது. மஞ்சள் வைத்துக் கட்டும்போது பொன்னுமணி யோசித்தாள். குரைப்பு என்பது, 'கிட்ட வராதே' என்று நாய் முன்கூட்டியே சொல்லும் சேதி. அடித்ததில் சேதிதான் நின்றிருக்கிறது. கடி அப்படியே உள்ளே இருந்திருக்கிறது.

"பொங்கல் வரைக்கும் பாப்பேன்," என்றான் அவன். "அப்பயும் இப்படியே இருந்துச்சுன்னா ஜீப்புல ஏத்தி மெட்டுல எறக்கி விட்டுருவேன்."

"மெட்டுல விட்டா சிறுத்த தூக்கிரும் மாமா."

"அதுக்கு நான் என்ன பண்ண? எனக்கு என் வீட்டுக்குள்ள வரணும் புள்ள."

அவன் கேட்டதும் நியாயம்தான்.

அந்த வாரம் முழுக்க நாயைப் பார்த்தாள். ஒரு விஷயம் இடித்தது. ஞாயிற்றுக்கிழமை குளித்து வேட்டி மாற்றிய காசிமாயனை அது ஒன்றும் செய்வதில்லை. திங்கட்கிழமை அவன் கிளம்பும்போது மறுபடி உறுமும். அப்படியானால் கோளாறு ஆளிடம் இல்லை, ஆள்மேல் இருக்கிற எதிலோ இருக்கிறது. புகை நாறும் அவன் சட்டையைத் தரையில் போட்டுப் பார்த்தாள். நாய் அதன்மேல் சுருண்டு படுத்தது. அட்டைக்கடிக்குக் காலில் தேய்க்கும் புகையிலைத் தூளைக் காட்டினாள். தும்மிவிட்டுப் போனது. கம்பளியை விரித்தாள், கண்டுகொள்ளவில்லை. கடைசியாக, கிழிசல் தைக்க அவன் விட்டுப்போயிருந்த கொங்காணிச் சாக்கை எடுத்து உதறினாள்.

சிப்பாயின் முதுகு மயிர் சிலிர்த்து நின்றது. பல் தெரிந்தது. ஆனால் பின்கால்கள் நடுங்கின, நின்ற இடத்திலேயே மூத்திரம் போனது. கோபக்கார நாய் என்று தெருவே சொன்ன நாய் பயந்துகொண்டிருந்தது.

சனிக்கிழமை சோறு போடும்போது கேட்டாள்.

"இத எப்படி மாமா கீழ கொண்டாந்தீக?"

"எப்படின்னா? சாக்குல போட்டு, சாக்கு வாயக் கட்டித்தான். வழி தெரிஞ்சா திரும்பி ஓடிருமில்ல." சொல்லும்போது சிரித்தான். "பதினாறு பேரு ஜீப்புல. பொம்பளைக காலுக்கடியில கெடந்துச்சு. பதினேழு வளைவுக்கும் உருண்டு உருண்டு ஒரே கத்து."

"அப்புறம்?"

"பாதி மலையில சத்தம் நின்னுபோச்சு. பழகிருச்சுன்னு நெனச்சேன்."

பொன்னுமணி ரசத்தை ஊற்றாமல் கரண்டியைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். அவன் சிரிப்பு மெல்லக் குறைந்தது. இலையைப் பார்த்துச் சாப்பிட்டான்.

அடுத்த வாரத்திலிருந்து கொங்காணியை ஜீப்புக்காரரிடமே விட்டுவிட்டு வந்தான். பொன்னுமணி பழைய சாக்கு ஒன்றைக் கொல்லைக் கோடியில் விரித்து, அதற்குப் பத்தடி தள்ளிக் கஞ்சித்தட்டை வைத்தாள். நாய் தின்றால் மறுநாள் ஒரு சாண் கிட்டே. உறுமினால் அதட்டாமல் இரண்டு சாண் பின்னே. மார்கழி பாதியில் தட்டு சாக்கின் ஓரத்துக்கு வந்தது. கடைசி வாரத்தில் சிப்பாய் சாக்கின்மேல் நின்றே கஞ்சி குடித்தது.

ஆனால் பொங்கலுக்கு முந்தின சனிக்கிழமை, வெறுந்தலையோடு வந்த காசிமாயனைப் பார்த்ததும் மறுபடி அதே உறுமல். சாக்கில் இருந்த பயம் இத்தனை நாளில் அவன் நடையிலும், வந்து நிற்கிற நிற்பிலும், அன்றைக்கு அடித்த கையிலும் ஊறியிருந்தது. சாக்கைத் தட்டோடு நகர்த்தலாம், மனுஷனை எப்படி நகர்த்துவது?

"போதும் பொன்னு," என்றான் அவன், வெளியே நின்றபடி. "திங்கக்கெழம கூட்டிட்டுப் போயிர்றேன்."

"ஒண்ணே ஒண்ணு செய்யிங்க மாமா. அங்கனயே உக்காருங்க. அதப் பாக்காதீக. முதுகக் காட்டிக்கிட்டு உக்காருங்க."

"தெருவுலயா?"

"நீங்க ஒசரமா நின்னு பாக்குறதுதான் அதுக்கு ஆகல."

"நாய்க்கு முன்னால நான் குத்த வைக்கணுமா?"

அவள் நாயை வேம்பில் கட்டியிருந்த முடிச்சில் கை வைத்தாள். காசிமாயன் தெருவை இருபுறமும் பார்த்தான். சோலைமலை வாசலில்தான் இருந்தார். குழாயடியில் நாலைந்து பெண்கள். அவன் தூக்குவாளியைக் கீழே வைத்தான். கைலியை மடித்து, படலுக்கு முதுகைக் காட்டிப் புழுதியில் உட்கார்ந்தான்.

"மாப்ளே, என்னத்தத் தொலைச்ச?"

காசிமாயன் திரும்பவில்லை. குழாயடியில் சிரித்தார்கள். பிறகு, ஏனோ, அதுவும் நின்றது.

பொன்னுமணி படலைத் திறந்துவைத்துக் கயிற்றை அவிழ்த்தாள். சிப்பாய் படலைத் தாண்டி ஓரடி வைத்தது, நின்றது. தொண்டைக்குள் உறுமல் ஓடிக்கொண்டே இருந்தது. இன்னும் ஓரடி. அவன் கழுத்து விறைத்திருந்ததையும், முழங்காலைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்ததையும் அவள் பார்த்தாள். நாய் கழுத்தை நீட்டி, வியர்வையில் ஒட்டியிருந்த சட்டைக்கு ஒரு விரல் இடைவெளியில் மூக்கைக் கொண்டுபோனது. உறுமல் நின்றது. அது மூச்சு விடும்போதெல்லாம் அவன் முதுகில் சட்டைத்துணி இலேசாக அசைந்தது.