முழங்காலுக்கு மேல் வளராதவை

1

இது கதையாக எழுத வேண்டிய விஷயமே இல்லை. மனுவாகத்தான் எழுதினேன். "ஐயா, மணிக்கல் எஸ்டேட் கீழ் லயத்தில் குடியிருக்கும் இருபத்திரண்டு குடும்பத்தார் சார்பாக" என்று தொடங்கி ஒன்றரைப் பக்கம். அதை ஊட்டியில் ஓர் ஆபீசுக்குக் கொண்டுபோனேன். வாங்கிப் படித்தவர் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். எங்கள் சதுப்பு நிலத்தின் படம் இருந்தது. படத்துக்கு அடியில் இரண்டு வரி: சாகுபடி இல்லை. குடியிருப்போரிடம் நேரில் விசாரிக்கப்பட்டது.

"உங்க ஆளுங்களே இல்லைன்னு சொல்லியிருக்காங்க. இப்ப நீங்க இருக்குதுன்னு மனு கொடுக்கறீங்க. இதுல எதுங்க பொய்யி?"

கெட்ட மனிதர் இல்லை, அவரே மேலும் சொன்னார்: "புதன்கிழமை அதிகாரிங்க நேர்ல வர்றாங்க. கண்ணுக்குப் பயிர் தெரிஞ்சா திருத்தி எழுதலாமுங்க. ஆனா ஒண்ணு. எஸ்டேட் மண்ணுல அத்துமீறிப் பயிர் வெச்சோம்னு நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும். அதை வெச்சு லயத்தைக் காலி பண்ணச் சொன்னா எங்கிட்ட வந்து நிக்கக்கூடாது."

இருக்கிற பயிரை இல்லை என்று ஏன் சொன்னோம்? மனுவில் அதற்கு இடம் கிடையாது. கதையில் இருக்கிறது, அதனால் கதை. மற்றபடி கதை எழுதுகிறவர்கள் மேல் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. படிக்கிறவர்கள் மேலும் இல்லை. நீங்கள் கம்பெனிக்கு வேண்டியவரா என்று எனக்கு எப்படித் தெரியும்? மணிக்கல் என்று ஓர் எஸ்டேட் கிடையாது. தேடி வராதீர்கள்.

2

மூன்று தொடக்கம் எழுதிப் பார்த்தேன்.

"பனி போர்த்திய நீலமலைச் சாரலிலே பச்சைக் கம்பளம் விரித்தாற்போல" — இதோடு நிறுத்திவிட்டேன். உறைபனி விழுந்தால் உருளைச் செடி ஒரே நாளில் கருகும். அதை அழகு என்று எழுதக் கை வரவில்லை.

"அன்றைக்கு இரண்டு நாட்டுப் பெரியவர்கள் உட்கார்ந்து எங்களை எண்ணிப் பங்கு போட்டபோது" — இதுவும் வேண்டாம். அங்கிருந்து புறப்பட்டால் சதுப்புக்கு வந்து சேர்வதற்குள் நோட்டு தீர்ந்துவிடும். இவ்வளவு போதும்: இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தோம். இந்த எஸ்டேட்டில் வேலை கொடுத்தார்கள், லயம் என்கிற நீள வரிசைக் கட்டடத்தில் ஆளுக்கோர் அறை கொடுத்தார்கள். மண் கொடுக்கவில்லை.

"தெய்வம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்." இது இருக்கட்டும்.

3

தெய்வம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். முப்பத்தாறு வருடம் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவள். மகளைத் திருப்பூரில் கட்டிக் கொடுத்துவிட்டு லயத்தில் தனியாக இருக்கிறாள். மேலே ரோட்டிலிருந்து டின் சத்தம் கேட்டதும் கத்தியைப் போட்டுவிட்டு ஓடினாள்.

அந்த டின் சத்தத்தைச் சொல்லியாக வேண்டும். லயத்துக்குக் கீழே ஓடை, ஓடைக்கு இரண்டு பக்கமும் சதுப்பு. தேயிலைக்கு அங்கே வேர் அழுகிவிடும் என்பதால் எஸ்டேட் அதைத் தொடவில்லை. நாங்கள் தொட்டோம். வாய்க்கால் வெட்டி, மண்ணை மேடாக்கி, வீட்டுக்கு இரண்டு பாத்தி பிரித்துக்கொண்டோம். எஸ்டேட் மண்ணில் தேயிலையைத் தவிர எதையும் போடக்கூடாது என்பது மானேஜர் துரையின் சட்டம். தொண்ணூற்றொன்றில் ஒருவன் ஆசைப்பட்டுக் கொடி பீன்ஸ் ஏற்றினான். அவன் நட்ட கொம்பு ரோட்டிலிருந்து தெரிந்தது. மறுநாள் அவன் அறைக் கதவில் வேறு பூட்டு தொங்கியது.

அன்றிலிருந்து முழங்காலுக்கு மேல் வளரும் எதையும் நாங்கள் போடுவதில்லை. உருளை, கேரட், பீட்ரூட், கீரை, செடி பீன்ஸ், அவ்வளவுதான். கவாத்தில் வெட்டிய தேயிலைக் குச்சியை மிலாறு என்போம், அடுப்புக்கு ஆகும். அதைப் பாத்தி ஓரத்திலேயே குவித்து வைத்திருப்போம். ஜீப் தலை தெரிந்ததும் வாட்சர் எல்லப்பன் டின்னைத் தட்டுவான். பத்து நிமிடத்தில் பாத்தி மேலெல்லாம் மிலாறு பரந்துவிடும். துரை எட்டிப் பார்ப்பார். விறகு காய்கிறது என்று போய்விடுவார்.

[துரைக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? அத்தனை வருடம் ஒரே இடத்தில் விறகு காயுமா? தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். நாங்கள் மறைத்தோம், அவர் மறைக்க விட்டார். ஆனால் அதை எந்தக் காகிதத்திலும் எழுதி வைக்கவில்லை. எழுதாதது எதுவும் எஸ்டேட்டை வாங்கியவர்களோடு வரவில்லை.]

எஸ்டேட்டின் எண்ணூறு ஏக்கரையும் ஒரு கம்பெனி மொத்தமாக வாங்கிவிட்டது, சொகுசு விடுதி கட்ட. வேலி போடுமுன் அந்த நிலத்தை நம்பிச் சாப்பிடுகிறவர்கள் யார் யார் என்று கணக்கெடுக்க வேண்டுமாம். அதற்குத்தான் அன்றைக்கு ஜீப் வந்தது. எங்களிடம் யாரும் சொல்லவில்லை. எல்லப்பன் ஓய்வு பெற்று ஆறு வருடமாகிறது, காதும் மந்தம். கண் மட்டும் நன்றாகத் தெரியும். ஜீப்பைப் பார்த்தான், தட்டினான்.

இறங்கி வந்தது சின்னப் பெண்.

"வணக்கமுங்கம்மா. எம் பேரு மோனிகா. கோயமுத்தூர்ல இருந்து வர்றனுங்க. ஒரு சர்வே எடுக்கறோம்."

"எந்தத் துரை அனுப்புனது?"

"துரையெல்லாம் இல்லீங்கம்மா. இந்தப் பூமியை நம்பி யாராச்சும் இருக்கறாங்களான்னு பாக்கறமுங்க. கீழ ஏதாவது பயிர் பண்றீங்களா?"

தெய்வம்மாவின் நகக்கண்ணெல்லாம் சேறு. அவளுக்குப் பின்னால் நின்ற எங்கள் எல்லோர் காலிலும் சேறு.

"ஒண்ணுமில்லம்மா. குச்சி காயுது."

"கீரை கீது?"

"ஒண்ணுமே இல்ல."

அந்தப் பெண் எங்களையும் பார்த்தாள். தலையாட்டினோம். நானும் ஆட்டினேன். அவள் கையிலிருந்த பலகைபோன்ற போனில் எதையோ தட்டி, மிலாறைப் படம் எடுத்துக்கொண்டாள்.

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மழையில் நிற்கிற பெண்ணைச் சாப்பிடாமல் அனுப்பத் தெய்வம்மாவுக்கு மனம் வரவில்லை. உள்ளே கூப்பிட்டு ரொட்டி சுட்டாள். நறுக்கிய பீன்ஸைத் தேங்காய் போட்டு வதக்கி வைத்தாள்.

"பீன்ஸ் அவ்வளவு ருசியா இருக்குதுங்கம்மா. எங்க வாங்குனீங்க?"

"கேத்தி."

"கேத்தி மார்க்கெட்டுங்களா?"

"ம். கேத்தி பீன்சு. இன்னும் கொஞ்சம் போட்டுக்க."

போட்டுக்கொண்டாள். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு அதையும் தட்டிக்கொண்டாள். ஆபீசில் நானே பார்த்தேன்: காய்கறி — சந்தையில் வாங்குகிறார்கள்.

4

இப்போது சதுப்பில் வேலிக்குக் கல் நட்டிருக்கிறார்கள். கம்பெனி ஆட்கள் தினமும் நடக்கிறார்கள். அதனால் மூன்று வாரமாக மிலாறை எடுக்க முடியவில்லை. அடியில் இலை மஞ்சளாகிக்கொண்டிருக்கிறது. ரேஷனில் அரிசி வருகிறது, பருப்பு வருகிறது. பருப்பு பத்து நாளில் தீரும். மிச்ச இருபது நாளுக்கு அரிசி மேல் எதை ஊற்றுவது? இத்தனை வருடம் அதற்குப் பதில் சதுப்பில் இருந்தது. தெய்வம்மா ரொட்டியை உப்பு மிளகாயில் தொட்டுத் தின்கிறாள். லயத்துப் பெண்கள் அவளைக் 'கேத்திக்காரி' என்று கூப்பிடுகிறார்கள். முதலில் சிரித்தார்கள். இப்போது சிரிக்காமல் கூப்பிடுகிறார்கள்.

ஓர் ஒப்புதல். இந்தக் கதையின் முதல் படியில் அந்த 'ஒண்ணுமில்ல'வை எல்லப்பன் வாயில் வைத்திருந்தேன். அவன் சண்டைக்கு வரமாட்டான். டின் தட்டியவன்மேல் பொய்யையும் ஏற்றினால் கதையும் கச்சிதமாக இருந்தது. அதைத் தெய்வம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டாள்.

"நான் சொன்னத அவன் வாயில எதுக்குண்ணே வச்ச?"

"உன் பேரு வேணாம்னு பாத்தேன். நாளைக்கு எவனாவது படிச்சான்னா?"

"படிக்கட்டும். அந்தப் புள்ளைக்கு என்னா தெரியும்? சோறு போட்டவ பொய் சொல்லுவாளான்னு நெனச்சிருக்கும். பொய் எம் பொய்யி. எனக்கே குடு."

கொடுத்துவிட்டேன்.

"நீ தல ஆட்டுனது எங்க? அதக் காணோம்."

[அதற்குப் பிறகுதான் மேலே 'நானும் ஆட்டினேன்' என்று சேர்த்தேன்.]

5

முடிவுகள்.

அ. புதன்கிழமை. அதிகாரிகள் முன்னால் தெய்வம்மா கைகூப்பி எழுந்து, கணீரென்ற குரலில் — அவளுக்குக் கணீரென்ற குரல் கிடையாது. முப்பத்தாறு வருடம் மலை ஏறி இறங்கி, ஈரத்தில் நின்று வந்த இளைப்பு இருக்கிறது.

ஆ. மோனிகாவுக்கு உண்மை தெரிந்து மனம் நொந்து, தானே வந்து எழுதியதைத் திருத்துகிறாள். நடந்தால் நல்லது. அவளுக்கு இரண்டு தடவை போன் போட்டேன். எடுக்கவில்லை. அவள் அடுத்த ஊரில் அடுத்த சர்வேயில் இருப்பாள். அவளைக் குறை சொல்லவில்லை. நாங்கள் சொன்னதைத்தான் அவள் எழுதினாள்.

இ. மண் அள்ளும் இயந்திரம் வருகிறது, தெய்வம்மா பாத்தியில் குறுக்கே படுத்துக்கொள்கிறாள். இதையும் அவளிடம் படித்தேன். "சேத்துல படுத்தா சளி புடிக்கும்ணே. வேற எழுது" என்றாள்.

வேறு எழுத எனக்குத் தெரியவில்லை. அதற்குள் அவளே ஒன்று செய்துவிட்டாள்.

6

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, வெயிலில், எல்லோரும் பார்க்கத் தெய்வம்மா சதுப்பில் இறங்கினாள். தன் இரண்டு பாத்தி மேலிருந்த மிலாறை அள்ளி ஓடைக்கு அந்தப் பக்கம் போட்டாள். உருளைச் செடி பாதி சாய்ந்து, வெளுத்துக் கிடந்தது. ஒவ்வொன்றாக நிமிர்த்தி மண் அணைத்தாள்.

ராஜகுமாரி லயத்து வாசலிலிருந்தே சத்தம் போட்டாள். இரண்டு பிள்ளைகளையும் மாமியாரையும் வைத்துக்கொண்டு அடுத்த அறையில் இருப்பவள்.

"ஏய் கேத்திக்காரி, என்னா பண்ற? ஒன் பாத்தி தெரிஞ்சா எங்க பாத்தியும் தெரிஞ்ச மாதிரிதான?"

"தெரியட்டும்."

"ஒனக்கென்னா, ஒத்த ஆளு. மகக்கிட்டப் போயிருவ. வீடு போச்சுன்னா நான் எங்க போவேன்?"

"வீட்டுக்குள்ள ஒக்காந்து எதத் திம்ப? சொவத்தையா?"

ராஜகுமாரி கேட்டதிலும் தப்பில்லை. இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருந்தால் கதை எழுதுகிறவன் எந்தப் பக்கம் நிற்பது?

எல்லப்பன் டின்னோடு வந்து நின்றான். திறந்து கிடந்த பாத்தியையும் ரோட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தான்.

"தட்டவா?"

"யாரு வர்றா?" என்று உரக்கக் கேட்டாள் தெய்வம்மா.

"யாரும் வரல."

"அப்ப அந்தக் கடப்பாரைய எடு."

எடுத்துக் கொடுத்தான். பாத்தி நடுவில் குழி போட்டாள். லயத்துக் கொல்லையில் கிடந்த சவுக்குக் கொம்பு ஒன்றைத் தூக்கி நிறுத்தினாள். அவளைவிட இரண்டு மடங்கு உயரம். எல்லப்பன் பிடித்துக்கொள்ள, சுற்றிலும் கல் இறுக்கினாள். அடியில் நான்கு விதை ஊன்றினாள். கொடி பீன்ஸ்.

"புதன்கிழமைக்குள்ள மொளச்சு ஏறிருமா?" என்றேன்.

"ஏறாது. கொம்பு தெரியும்ல."

தெரிகிறது. நான் ரோட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

7

இன்று செவ்வாய். மீதி இருபத்தோரு வீட்டுப் பாத்தி மேலும் மிலாறு கிடக்கிறது. இந்தக் கதை உங்கள் கைக்கு வரும்போது புதன்கிழமை என்றைக்கோ போயிருக்கும். எனக்குத் தெரியாத முடிவு உங்களுக்குத் தெரியும். தெரிந்துகொள்ள விருப்பம் இருந்தால்.

முதலில் தேடி வராதீர்கள் என்றேன். அதை அடித்துவிடுகிறேன். எஸ்டேட் பெயர்தான் பொய். ஊட்டியிலிருந்து எமரால்டுக்குப் போகிற பஸ்ஸில் இடது ஜன்னல் ஓரம் உட்காருங்கள். அணைத் தண்ணீர் முதலில் கண்ணில் படும் வளைவுக்கு முந்தின வளைவில் கீழே பாருங்கள். தகரம் போட்ட நீள லயம், அதற்கடியில் ஓடை. அங்கே வேலி மட்டும் நிற்கலாம். ஒரே ஒரு கொம்பு நிற்கலாம். இருபத்திரண்டும் நிற்கலாம். எண்ணிக்கொள்ளுங்கள், அதுதான் முடிவு.

காலையில் ராஜகுமாரி கொல்லையில் எதையோ வெட்டிக்கொண்டிருந்தாள். விறகா என்று கேட்டேன். "ஒங்களுக்கு எல்லாத்தையும் எழுதணும்" என்று உள்ளே போய்விட்டாள்.

நானும் ஒரு கொம்பு சீவி வாசல் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறேன். தெய்வம்மாவின் கொம்புக்கு மேற்கே மூன்றாவது பாத்தி என்னுடையது. எல்லப்பன் கடப்பாரையோடு வந்து நிற்கிறான். எழுதி முடிச்சாச்சா என்று கேட்கிறான். மிலாறை அள்ள இரண்டு கையும் வேண்டும், அதனால்