நீங்கதானே சார் போட்டீங்க!

லிஃப்ட் மெக்கானிக் அந்தக் கூட்டத்தில் கையைத் தூக்கியது ஜன்னலைச் சாத்தச் சொல்வதற்குத்தான். தூக்கிய நேரம் சரியில்லை. சிறுமியர் கூடைப்பந்து கிளப்பின் கோச் அப்போதுதான், "நம்ம கிளப்போட சோஷியல் மீடியா பக்கத்த யாராவது பாத்துக்கறீங்களா?" என்று கேட்டு முடித்திருந்தார். மற்றப் பெற்றோர் அத்தனை பேரும் தரையில் எதையோ தொலைத்தவர்கள்போலக் குனிந்திருந்தார்கள்.

"ரொம்ப சந்தோஷம் சார்" என்றார் கோச். பகலில் நகரப் பேருந்து ஓட்டிவிட்டு மாலையில் கழுத்தில் விசில் மாட்டிக்கொள்ளும் பெண் அவர். அந்தக் குரலுக்கு எதிர்ப்பேச்சு கிடையாது. ஜன்னல் திறந்தபடியே கிடந்தது.

முதல் வாரம் மெக்கானிக் கடனே என்றுதான் செய்தார். இரண்டாம் வாரம் ஒரு படத்துக்கு முப்பது லைக் விழுந்தது. அதன்பிறகு மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. வேலைக்குப் போன கட்டடங்களில் எல்லாம் ஆள் பிடிக்க ஆரம்பித்தார். ஒருமுறை லிஃப்டில் மாட்டிக்கொண்ட ஒரு வக்கீலைக் கதவைப் பிளந்து வெளியே எடுத்தவர், வக்கீல் மூச்சு வாங்கி முடிப்பதற்குள் போனை நீட்டி, "சார், அப்படியே நம்ம பக்கத்த ஃபாலோ பண்ணிடுங்க" என்றார். வக்கீல் மறுக்கும் நிலையில் இல்லை.

நாற்பத்தொரு பேர் பார்த்துக்கொண்டிருந்த பக்கம் மூன்றே மாதத்தில் தொள்ளாயிரத்தைத் தொட்டது. பதினான்கு பிள்ளைகளின் முழுப் பெயர், பள்ளி, வகுப்பு, பிறந்தநாள், எல்லாம் அதில் இருந்தன. பயிற்சி எந்தக் கிழமை, எத்தனை மணி, எந்த வாசல் என்பதும், 'பக்கத்தின் பொறுப்பாளர்' என்று அவருடைய படமும் இருந்தன. புது ஷூ வாங்க கோச் எழுதிவைத்த அளவுப் பட்டியலைக்கூட 'களத்துக்குத் தயாராகும் கால்கள்!' என்று தலைப்பிட்டுப் போட்டிருந்தார். ஆச்சரியக்குறி இல்லாமல் அவருக்கு ஒரு வரியும் எழுத வராது.

அவருடைய மகள் அந்த அணியில்தான் ஆடினாள். ஒரு போட்டியில் கடைசி ஃப்ரீ த்ரோவைத் தவறவிட்டு, உதடு பிதுங்கி, மூக்கொழுக அழுதாள். அப்பா அதைக் கிட்டத்தில் போய்ப் படமெடுத்து, 'கண்ணீரும் வெற்றியின் படிக்கட்டே!' என்று போட்டார். முந்நூறு லைக். மறுநாள் அவள் வகுப்பில் அந்த முகம் ஸ்டிக்கராகச் சுற்றியது. கணக்கு வீட்டுப்பாடம் கொடுத்தால் ஸ்டிக்கர், மழை வந்தால் ஸ்டிக்கர்.

"அப்பா, என்னைக் கேக்காம என் படத்தப் போடாதீங்க" என்றாள் மகள்.

"நான் உங்கப்பாதானே? என்னமோ வெளியாள் மாதிரி பேசற!"

"வெளியாளா இருந்திருந்தா அவ்வளவு கிட்ட வரவிட்டிருக்க மாட்டேன்."

இரண்டு நாள் அவள் அவரிடம் பேசவில்லை. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவருடைய மனைவி, "ஏங்க, அந்தப் படத்த எடுத்திடுங்களேன்" என்று சொல்லிப் பார்த்தாள். "முந்நூறு பேருக்குப் பிடிச்சிருக்கே" என்றார் இவர். "முந்நூறு பேரும் இந்த வீட்லயா சாப்பிடறாங்க?" என்று கேட்டுவிட்டு அவள் போய்விட்டாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மாலை அவர் மைதானத்துக்குப் போனபோது, வாசலில் ஓர் ஆள் நின்றிருந்தான். இஸ்திரி போட்ட சட்டை, தோளில் பெரிய பை. இவரைப் பார்த்ததும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"சார், ஒட்டகச்சிவிங்கி உள்ள இருக்காளா?"

அணியிலேயே உயரமான பெண்ணின் பட்டப்பெயர் அது. "யாருங்க நீங்க? அவ சொந்தக்காரரா?"

"இல்ல சார். அவளுக்கு முப்பத்தொன்பது சைஸ். போன மாசம் பன்னெண்டாம் தேதிதான் பதிமூணு வயசு முடிஞ்சுது. அவசரமில்ல சார், மெதுவா வரட்டும். செவ்வாய்க்கிழமைன்னா அவங்கம்மா வர ஆறரை ஆகும், அதுவரைக்கும் தனியாத்தானே இங்க இருப்பா?"

மெக்கானிக் என்ன செய்கிறோம் என்று தெரியாமலே அந்த ஆளின் பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "யாருய்யா நீ? இதெல்லாம் உனக்கு யாரு சொன்னது?"

"நீங்கதானே சார் போட்டீங்க!" என்றான் அவன், பையின் மறுபக்கத்தை இழுத்தபடி.

இழுபறியில் ஜிப் பிரிந்து, பத்துப் பன்னிரண்டு ஷூக்கள் தரையில் உருண்டன. விசில் சத்தம் காதைக் கிழித்தது. கோச் ஓடிவந்து இருவருக்கும் நடுவில் நின்றார். அவன் விளையாட்டுச் சாமான் கடையின் விற்பனையாளன். அடையாள அட்டையைக் காட்டிவிட்டு, போனில் அந்தப் பதிவையும் எடுத்துக் காட்டினான். 'அம்மா ஷிஃப்ட் முடிந்து வர ஆறரை! எல்லாரும் போன பிறகு அதுவரை செவ்வாய்தோறும் தனியே பயிற்சி செய்யும் நம் ஒட்டகச்சிவிங்கி! உழைப்பே உயர்வு!'

"எந்த கிளப்பும் இவ்வளவு விவரமா போடறதில்ல சார்" என்றான் அவன் உண்மையான மரியாதையோடு. "போன வாரம் கராத்தே கிளப்புக்குப் போனேன். ஒரு புள்ளையோட கால் அளவுகூடத் தெரியல."

கோச் அவனிடம் கடையின் தொலைபேசி எண்ணை வாங்கிக்கொண்டு, இனி பெற்றோரிடம்தான் பேச வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். மெக்கானிக்கைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பயிற்சிக்குப் போனார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு.

பார்வையாளர் படிக்கட்டில் உட்கார்ந்து தன் பக்கத்தை முதலிலிருந்து படித்தார், யாரோ முன்பின் தெரியாதவன் படிப்பதுபோல. வந்தவன் ஷூ விற்கிறவனாக இருந்ததால் தப்பித்தோம். தொள்ளாயிரம் பேரில் அவருக்கு முகம் தெரிந்தவர்கள் நூறு பேர் இருந்தால் அதிகம். மீதி எண்ணூறு பேர் யார்? ஒவ்வொன்றாக அழித்தார். மகள் அழுத படத்தைத்தான் முதலில் அழித்தார்.

பயிற்சி முடிந்ததும் பிள்ளைகளின் முன்னால் போய் நின்றார். "தப்பு பண்ணிட்டேன்மா. உங்கள ஒரு வார்த்த கேக்காம எல்லாத்தையும் ஊருக்குச் சொல்லிட்டேன். மன்னிச்சிடுங்க."

ஒட்டகச்சிவிங்கி கையைத் தூக்கினாள். "அங்கிள், டீம்ல அப்படிக் கூப்பிட்டா எனக்கு ஓகே. ஆனா இப்ப எங்க பல் டாக்டரும் அப்படித்தான் கூப்பிடறாரு."

அதோடு எல்லார் வாயும் திறந்துகொண்டது. கோச் ஒரு தாளில் எழுதினார். பெயரோ பள்ளியோ போடக்கூடாது. போட்டி முடிந்து வீட்டுக்குப் போன பிறகுதான் படம் வரவேண்டும். படத்தில் இருக்கிற பிள்ளையும் அவள் வீட்டாரும் சரி என்றால்தான் போடலாம். பெரியவர்கள் யாரும் பிள்ளைகளுக்குத் தனியாகச் செய்தி அனுப்பக்கூடாது. கோச் உட்பட.

"பெரியவங்களுக்கு மட்டும்தானா ரூல்?" என்று கோச் கேட்டதும், இரண்டு பெண்கள் ஷூ நாடாவை அவிழ்த்துக் கட்டத் தொடங்கினார்கள். விசாரித்ததில், எதிரணிப் பெண் ஒருத்தி வழுக்கி விழுந்ததைப் பாட்டுப் போட்டு அவர்கள் பரப்பியிருந்தது தெரிந்தது. அதையும் அங்கேயே அழித்தார்கள். மறுநாள் அந்த அணியின் கோச் வழியாக மன்னிப்புக் கேட்டார்கள். பதில் மூன்று நாள் கழித்துத்தான் வந்தது. ஒரே வார்த்தை: 'சரி.'

அடுத்த மாதம் அணி அந்த சீசனில் முதல்முறையாக ஜெயித்தது. அதுவும் கடைசி நிமிடத்தில், ஒரு புள்ளியில். பெற்றோர்கள் எழுதிக்கொடுத்த சம்மதம் எல்லாம் மெக்கானிக்கின் பையில் பத்திரமாக இருந்தது. பிள்ளைகளை நிற்க வைத்து ஒரு படம் எடுத்து, போனை ஒவ்வொருத்தியிடமும் காட்டினார்.

"எனக்குக் கண்ணு மூடியிருக்கு."

"என் தலைமுடியப் பாருங்க அங்கிள், காக்கா கூடு மாதிரி."

"நான் நல்லாத்தான் இருக்கேன். ஆனா இவ தோள் என்னை மறைக்குது."

மறுபடி எடுத்தார். கண் மூடியவள் திறந்தாள். திறந்திருந்த மூவர் மூடினார்கள். பதினொன்றாவது படத்தில் பதின்மூன்று பேர் சம்மதித்தார்கள். பதினான்காவது ஆள் அவருடைய மகள். படத்தைப் பெரிதாக்கி, சின்னதாக்கி, தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"வேணாம்பா."

வாய்வரை வந்ததை அவர் விழுங்கிக்கொண்டார். "சரிம்மா" என்று சொல்லி, அவள் கண்ணெதிரிலேயே அந்தப் படத்தை அழித்தார். அவள் ஒரு கணம் அவரையே பார்த்தாள். பிறகு தன் பையை அவர் தோளில் மாட்டிவிட்டு முன்னால் நடந்தாள்.

வீட்டில் சாப்பாட்டு மேஜையில் அவருடைய மனைவி, "எங்க, படம் காட்டுங்க" என்றாள்.

"படம் இல்ல. சொல்றேன் கேளு" என்று அவர் எழுந்து நின்றார். தண்ணீர்ச் சொம்பைப் பந்தாக்கி, நாற்காலியைச் சுற்றி ஓடி, கடைசிப் பந்தை மகள் எப்படி எம்பிப் போட்டாள் என்று எம்பிக் காட்டினார். தண்ணீர் அவர் சட்டை முழுக்கக் கொட்டியது.

"ஐயோ அப்பா, நான் இடது கையால போட்டேன்!" என்று சிரித்துக்கொண்டே மகள் எழுந்து, சொம்பை அவர் கையிலிருந்து வாங்கினாள். "தள்ளுங்க, நான் காட்டறேன்."